இளநீருக்குள் தொண்ணூற்றைந்து மீட்டர் கயிறு

பெருந்துறை மருத்துவக் கல்லூரியின் அஞ்சல் முகவரியில் ‘சானடோரியம்’ என்ற சொல் பல ஆண்டுகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்லூரி வருவதற்கு முன்பு அந்த வளாகம் காசநோயாளிகளுக்கானது. மழை குறைந்த ஊர், ஈரமில்லாத காற்று. அது நுரையீரலுக்கு நல்லது என்று நம்பிய காலம் அது. கொங்குப் பகுதியின் பழைய தலைமுறையில் ஒருவரைப் பற்றி “பெருந்துறைக்குக் கொண்டுபோயிருக்காங்க” என்று சொன்னால் போதும், என்ன நோய் என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

நோயாளியை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டியதில்லை என்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியது சென்னைதான். 1956இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், மருந்தை வீட்டிலிருந்தபடியே சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் இருந்து சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள். உலகெங்கும் சானடோரியங்கள் காலியானதற்கு 1959இல் வெளியான அந்த முடிவு முக்கியக் காரணங்களில் ஒன்று.

அந்த மையத்துக்கு இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். அது செய்த இன்னொரு வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அங்கிருந்தவர்கள் காசநோய்க் கிருமியின் இனத்தைத் தாக்கும் வைரஸ்களையும் தேடிப் பிரித்தெடுத்தார்கள். செ8, செ9சி, செ9டி, செ12 என்று அவற்றுக்குப் பெயர். ‘செ’ என்பது சென்னையின் முதலெழுத்து. இந்த அத்தியாயம் அந்தச் ‘செ’க்களைப் பற்றியது. ஆனால் அவற்றின் அருமை புரிய வேண்டுமானால், பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ் எப்படிச் செய்யப்படுகிறது என்று முதலில் பார்த்தாக வேண்டும். அதைச் சொல்லக் கோயம்புத்தூரைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை பாக்டீரியோபேஜ் என்பார்கள், சுருக்கமாக பேஜ். கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் அது செய்த வேலையைப் பார்க்கலாம். ஒரு கண்ணாடித் தட்டில் கூழ் போன்ற அகாரின் மேல் பாக்டீரியா வளர்ந்தால், மெல்லிய பால் ஆடை படர்ந்தது போல் மங்கலாக இருக்கும். பேஜ் விழுந்த இடத்தில் மட்டும் அந்த ஆடையில் ஓட்டை விழும். கடுகளவு வட்டம், தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் அதன் வழியாக மறுபக்கம் பளிச்சென்று தெரியும். ஒற்றை பேஜ் இறங்கி, பெருகி, சுற்றியிருந்த ஏராளமான பாக்டீரியாக்களை உடைத்ததன் தடம் அது.

மிக நன்றாக ஆராயப்பட்ட பேஜ்களில் ஒன்று, நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் டி4. சற்று நீண்ட தலை, குழாய் போன்ற வால், வாலின் அடியில் ஆறு கால்கள். தலைக்குள் டிஎன்ஏ. கால்களால் பாக்டீரியாவின் மேல் இறங்கி, வாலின் உறையைச் சுருக்கி, உள்குழாயைச் சுவரில் குத்தி, டிஎன்ஏவை உள்ளே விட்டுவிடும். வெளியே நிற்பது வெறும் கூடு. ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடத்தில் பாக்டீரியா வெடித்து, நூறுக்கும் மேற்பட்ட புது டி4 வெளியே வரும்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தில் உள்ளே நடப்பதைத்தான் நான் சொல்ல வந்தேன். ஒரு பேஜ் பிள்ளை பெறுவதில்லை, இரண்டாகப் பிளப்பதும் இல்லை. அது பாகம் பாகமாகச் செய்து பூட்டப்படுகிறது.

தலையை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரின் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துப் பவுண்டரிகளில் பம்ப் கேசிங் வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். கேசிங்குக்குள் தண்ணீர் சுழல வெற்றிடம் வேண்டும். வெற்றிடத்தை எப்படி வார்ப்பது? மணலைப் பிசினோடு கலந்து இறுக்கி, உள்ளே வெற்றிடம் எந்த வடிவில் வேண்டுமோ அதே வடிவில் ஒரு ‘கோர்’ செய்வார்கள். அதை அச்சுக்குள் வைத்து, சுற்றிலும் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறி உறைந்தபின் கோரைத் தட்டி உதிர்த்துக் கொட்டிவிடுவார்கள். கடைக்குப் போகும் பம்பில் அந்த மணல் இருக்காது. ஆனால் அது இல்லாமல் அந்தப் பம்ப் இல்லை.

டி4 தலையும் இப்படித்தான் ஆகிறது. அதன் மரபணுக்களுக்கு எண்களே பெயர். 22ஆம் மரபணு தரும் புரதம்தான் கோர். அது திரண்டு நிற்க, 23ஆம் மரபணுவின் புரதம் 930 பிரதிகளாக அதைச் சுற்றி ஓடாகப் படியும். ஓடு மூடியதும் 21ஆம் மரபணுவின் புரதம் கத்தரிக்கோலாக வேலை செய்யும். உள்ளிருக்கும் கோரைத் துண்டு துண்டாக நறுக்கும்; துணுக்குகள் ஓட்டின் இடுக்கு வழியே வெளியேறிவிடும். ஓட்டின் புரதங்களும் ஓரம் வெட்டப்பட்டு, ஓடு விரிந்து, மெலிந்து, இறுகும். வேலை தொடங்கும் இடத்தைக் குறிப்பது 20ஆம் மரபணு. அதில் பழுது வந்தால் தலை மூடிக்கொள்ளத் தெரியாமல் நீண்ட குழாயாகப் போய்க்கொண்டே இருக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் இந்தக் குழாய்களைப் பார்க்கும்போது, ஆரம்பப் புள்ளி ஒன்று இல்லாமல் போனதால் எவ்வளவு பொருள் வீணாகியிருக்கிறது என்று மனம் பதைக்கும்.

இப்போது காலியான தலை தயார். அதற்குள் டிஎன்ஏவைத் திணிக்க வேண்டும். டி4இன் டிஎன்ஏ ஏறத்தாழ 1,69,000 எழுத்துகள். விரித்தால் 57 மைக்ரோமீட்டர் நீளம். தலையின் நீளமோ 0.12 மைக்ரோமீட்டர்தான். தலையைப் பொள்ளாச்சி இளநீர் அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள், இருபது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது டிஎன்ஏ மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள கயிறு. நீளம் தொண்ணூற்றைந்து மீட்டர். அதை இளநீரில் குழல் வைத்து உறிஞ்சப் போடுவது போன்ற ஒரே ஓட்டை வழியாக, சிக்கில்லாமல், மறுபடி சரசரவென்று வெளியே ஓடும்படி உள்ளே அடுக்க வேண்டும். டிஎன்ஏ வளையப் பிடிக்காத கயிறு. போதாததற்கு அதன் மேல் முழுக்க எதிர் மின்னூட்டம். ஒரு சுற்று அடுத்த சுற்றைத் தள்ளும்.

அதற்கு ஒரு மோட்டார் இருக்கிறது. உவமைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே மோட்டார். தலையின் ஓட்டையில் பன்னிரண்டு புரதங்கள் சேர்ந்த வளையம். அதன் மேல் எரிபொருளைச் செலவழித்து டிஎன்ஏவை இழுத்துத் தள்ளும் இன்னொரு வளையம். ஃபை29 என்ற சிறிய பேஜின் மோட்டாரை ஒளிக்கற்றையால் பிடித்து இழுத்து அதன் விசையை அளந்தார்கள். 2001இல் வந்த முடிவு 57 பைக்கோநியூட்டன். நம் தசையை இயக்கும் புரத மூலக்கூறு ஒன்று தருவதைப்போல் பல மடங்கு. டி4இன் மோட்டாரோ நொடிக்கு 2,000 எழுத்துகள் வரை உள்ளே தள்ளக்கூடியது. நம் இளநீர்க் கணக்கில் நொடிக்கு ஒரு மீட்டருக்கும் மேல். ஜி.டி.நாயுடு காலத்திலிருந்து மோட்டார் செய்துவரும் கோயம்புத்தூர்க்காரர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தலை நிரம்பியதும் டிஎன்ஏ வெட்டப்படும். எங்கே வெட்டுவது? டி4 எழுத்துகளைப் படித்து முடிவு செய்வதில்லை. மூட்டை நிரம்பியதா என்று மட்டும் பார்த்து வெட்டுகிறது. அதனால் ஒவ்வொரு தலைக்குள்ளும் ஒரு முழு மரபணுத் தொகுதிக்குச் சற்று அதிகமான டிஎன்ஏ இருக்கும். ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் தொடங்கும். லாம்டா என்ற இன்னொரு பேஜ் அப்படியல்ல. அதற்கு 48,502 எழுத்துகள். குறிப்பிட்ட ஓர் எழுத்துவரிசையைக் கண்டால்தான் வெட்டும். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், சற்று நேரத்தில் தேவைப்படும்.

தலை ஒரு பக்கம் உருவாகும்போதே வால் இன்னொரு பக்கம், கால்கள் வேறொரு பக்கம். ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்யும் பட்டறைகள் போல மூன்று வரிசைகளும் தனித்தனி. இதை 1966இல் அழகான ஒரு சோதனையால் காட்டினார்கள் ராபர்ட் எட்கரும் வில்லியம் உட்டும், கலிபோர்னியாவில். தலை செய்யத் தெரியாத பிறழ்வு பேஜை ஒரு குழாயில் வளர்த்து பாக்டீரியாவை உடைத்தார்கள். அதில் வால் ஏராளம், தலை இல்லை. வால் செய்யத் தெரியாததை இன்னொரு குழாயில் வளர்த்தார்கள். அதில் தலை ஏராளம். இரண்டு சாற்றிலும் உயிருள்ள பேஜ் ஏறக்குறைய இல்லை. இரண்டையும் கலந்து வைத்தார்கள். சோதனைக்குழாயில், உயிருள்ள செல் எதுவும் இல்லாமல், தலையும் வாலும் தாமாகப் பூட்டிக்கொண்டன. பாக்டீரியாவைத் தாக்கும் முழு பேஜ் எழுந்து வந்தது.

அதே வழியில் எந்தப் பாகம் எதற்குப் பிறகு சேர்கிறது என்ற முழு வரிசையும் வெளிப்பட்டது. கால்கள் எப்போதும் கடைசி. தலையும் வாலும் சேராதவரை, பக்கத்திலேயே ஆயிரக்கணக்கில் மிதந்தாலும் கால்கள் ஒட்டுவதில்லை. பட்டறையில் இந்த ஒழுங்கைக் காக்க ஒரு மேஸ்திரி வேண்டும். இங்கே மேஸ்திரி இல்லை, வரைபடமும் இல்லை. ஒரு பாகம் வந்து பொருந்தும்போது ஏற்கெனவே இருக்கும் பாகத்தின் உருவம் சற்றே மாறுகிறது. அந்த மாற்றத்தில்தான் அடுத்த பாகம் உட்காரும் குழி திறக்கிறது. முந்தையது சரியாக உட்காராவிட்டால் அடுத்ததற்கு இடமே இல்லை.

வாலின் நீளம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். வால் என்பது வளையங்களை அடுக்கிய குழாய். எத்தனை வளையத்தில் நிறுத்துவது என்று எப்படித் தெரியும்? குழாய்க்குள் ஓர் அளவுநாடா இருக்கிறது. நீளமான ஒரு புரதம். அது முடியும் இடத்தில் குழாயும் முடியும். லாம்டாவில் இந்தப் புரதம் 853 அமினோ அமிலங்கள் கொண்டது. ஆய்வாளர்கள் அந்த மரபணுவின் நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். வெட்டிய அளவுக்கு வால் குட்டையானது. 1984இல் வெளிவந்த முடிவு இது. மரபணுவின் நீளத்துக்கும் உடலின் ஓர் உறுப்பின் நீளத்துக்கும் இவ்வளவு நேரடியான கணக்கு உயிரியலில் அரிது. நீண்ட வாலுள்ள பேஜ்கள் பலவற்றில் டிஎன்ஏ வரிசையைப் பார்த்தாலே போதும். எல்லாவற்றிலும் நீளமான மரபணு எதுவோ அதுதான் பெரும்பாலும் அளவுநாடா. வாலை நுண்ணோக்கியில் பார்க்காமலே ஏறத்தாழ எவ்வளவு நீளம் என்று சொல்லிவிடலாம்.

இனி மோட்டாருக்குத் திரும்புவோம். நிரம்பியதும் வெட்டு என்ற முறையில் வேலை செய்யும் பேஜ்களுக்கு ஒரு தவறு சில நேரம் நேரும். உடைந்து கிடக்கும் பாக்டீரியாவின் டிஎன்ஏவைத் தன்னுடையது என்று எண்ணி மோட்டார் திணித்துவிடும். வெளியில் பார்க்க அது பேஜ். உள்ளே இருப்பது பாக்டீரியாவின் மரபணுக்கள். அது இன்னொரு பாக்டீரியாவில் இறங்கினால் கொல்லாது. பழைய பாக்டீரியாவின் மரபணுவைப் புதியதற்குக் கொடுத்துவிட்டுப் போகும். சரக்கு மாறி ஏறிய லாரி போல. மரபணு ஆய்வாளர்களுக்கு இந்தத் தவறு பெரும் வரம். 1970இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி.சுந்தரராஜும் டி.ராமகிருஷ்ணனும், காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஸ்மெக்மாடிஸ் என்ற பாக்டீரியாவில் ஐ3 என்ற பேஜ் இப்படி மரபணுவைக் கடத்துவதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்.

இது ஏன் பெரிய செய்தி? காசநோய்க் கிருமியை ஆராய்வது பொறுமையைத் தின்னும் வேலை. ஈ.கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிளக்கும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அதன் மரபணுக்களில் ஒன்றை நீக்கிப் பார்க்கலாம் என்று டிஎன்ஏவை உள்ளே விட்டால், சேர வேண்டிய இடத்தில் சேராமல் கண்ட இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு மரபணுவை மாற்ற மாதக்கணக்கில் ஆகும்.

இங்கேதான் ‘செ’க்கள் வருகின்றன. 2003இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹேட்ஃபுல், ரோஜர் ஹெண்ட்ரிக்ஸ் குழு, இந்தக் கிருமி இனத்தைத் தாக்கும் பத்துப் புதிய பேஜ்களின் முழு மரபணு வரிசையை வெளியிட்டது. அவற்றில் செ8, செ9சி, செ9டி மூன்றும் சென்னையிலிருந்து போனவை. கட்டுரையாசிரியர்களில் தமிழ்ப் பெயர்களும் உண்டு. வரிசைகளை அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். ஒரு பேஜ் இன்னொன்றின் அண்ணன் தம்பி போல் முழுவதுமாக ஒத்திருக்கவில்லை. ஒரு மரபணு இந்தப் பேஜோடு ஒத்தது, அதற்கு அடுத்தது சம்பந்தமே இல்லாத வேறொன்றோடு ஒத்தது. பழைய சேலைத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த மெத்தை விரிப்பு போல. பல மரபணுக்களுக்கு உலகில் அதுவரை அறிந்த எதனோடும் சாயல் இல்லை. அப்படியிருந்தும் தலை, வால், அளவுநாடா ஆகியவற்றின் மரபணுக்கள் மட்டும் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் நின்றன. பேஜின் உடல் மட்டுமல்ல, அதன் மரபணுத் தொகுதியும் பாகம் பாகமாகப் பூட்டப்பட்டதுதான். முதலாவதற்கு இருபத்தைந்து நிமிடம் போதும். இரண்டாவது கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடந்துவருகிறது, இன்னும் முடியவில்லை.

செ9சியின் தொகுதி சுமார் 57,000 எழுத்துகள். அதில் 60, 61 என்ற இரு மரபணுக்கள், டிஎன்ஏ இழையை அதற்குப் பொருத்தமான இழையோடு தேடிச் சேர்க்கும் புரதங்களைத் தருகின்றன. ஹேட்ஃபுல் ஆய்வகம் அவற்றை எடுத்துக் காசநோய்க் கிருமிக்குள் வைத்தது. கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்த டிஎன்ஏ இப்போது சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. 2007இல் இது வெளியானபின் அந்தக் கிருமியின் மரபணுவை மாற்றுவது பல ஆய்வகங்களுக்குக் கைகூடியது. 2018இல் வந்த இன்னொரு முறையில் செ9சியின் 61ஆம் புரதமும், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலிருந்து எடுத்த பேஜின் புரதம் ஒன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. சென்னைப் பாகமும் பிராங்க்ஸ் பாகமும் ஒரே கருவியில்.

அடுத்து நடந்தது மருத்துவமனையில். லண்டனில் பதினைந்து வயதுச் சிறுமி ஒருவர். நுரையீரல் மாற்று அறுவைக்குப் பிறகு, காசநோய்க் கிருமிக்கு உறவான அப்செஸஸ் என்ற பாக்டீரியா உடல் முழுவதும் பரவி, எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. ஹேட்ஃபுலின் சேகரிப்பிலிருந்து மூன்று பேஜ்களைக் கலந்து கொடுத்தார்கள். ஒன்றின் பெயர் மட்டி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அழுகிய கத்தரிக்காயின் அடியிலிருந்து எடுத்தது. மற்ற இரண்டும் சாதுவானவை, பாக்டீரியாவைக் கொல்லாமல் அதன் டிஎன்ஏவுக்குள் புகுந்து உறங்கிவிடக்கூடியவை. உறங்கவைக்கும் மரபணுவை நீக்கினால்தான் மருந்தாகும். சோஇஜே என்ற பேஜிலிருந்து அந்த மரபணுவை நீக்கிய முறை, செ9சியின் அந்த இரு மரபணுக்களை நம்பி நிற்பது. சிகிச்சைக்குப் பிறகு சிறுமியின் மார்பில் ஆறாதிருந்த அறுவைப் புண் மூடியது, தோல் கட்டிகள் பெரும்பாலும் வடிந்தன. நோய் அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் போக வழியில்லாத இடத்தில் ஒரு வழி திறந்தது. 2019இல் வெளியான அந்த அறிக்கையைப் படித்தபோது சென்னை மண்ணை நினைத்து நெஞ்சு நிறைந்தது.

கொங்கு நாட்டின் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் கற்றுத்தரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து இந்த அத்தியாயத்தை முடிக்கிறேன். ஸ்மெக்மாடிஸ், நலமாக இருப்பவர்களுக்கு நோய் தராத பாக்டீரியா. ஓரிரு நாளில் தட்டில் வளர்ந்துவிடும். அதை வைத்து பேஜ் தேட ஒரு கரண்டி மண், வடிகட்டி, அகார், பொறுமை இவை போதும். மாட்டுக்கொட்டகை ஓரம், எருக்குழி, நொய்யல் கரை, மஞ்சள் காட்டு வரப்பு எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். தட்டில் விழும் ஓட்டை ஒவ்வொன்றும், உலகம் இதுவரை படிக்காத மரபணுக்களைக் கொண்டதாக இருக்கக்கூடும். கண்டுபிடித்த மாணவரே அதற்குப் பெயர் வைக்கலாம். முதல் கரண்டி மண்ணை, முடிந்தால், பெருந்துறை சானடோரியம் வளாகத்தின் மரத்தடியிலிருந்து எடுங்கள்.